எண்ணிக்கையும் மனச்சான்றும்

தன் குற்றத்தைத் தானே ஆய்ந்து பார்ப்பவனை உலகம் நல்லவன் என்கிறது. பிறர் சுட்டிக்காட்டுமுன் தன் தவறுகளை எண்ணிப் பார்த்து, தான் பேசுவதால் மற்றவர்க்குக் கேடு விளைகிறது என்று கண்டவுடன் வாய்மூடி ஒதுங்கிக்கொள்பவனை இன்னும் ஒரு படி மேலே வைக்கிறது. இப்புகழ்ச்சி தவறன்று. ஆனால் இத்தகைய ஒருவனை வீழ்த்த விரும்பும் பகைவன் அவன்மீது கைவைக்கத் தேவையே இல்லை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவன் செய்யாத பிழைகளை அவனுடைய கணக்கிலேயே ஏறச் செய்தால் போதும். எஞ்சியதை அவனது நேர்மையே செய்து முடித்துவிடும்.

இந்தச் சிக்கலை அறநூல்களில் தேடலாம். நாம் இங்கே தேடப்போவது காருக்குள் ஓடும் இரண்டு மின்கம்பிகளில். இடம் விந்தையானதுதான். ஆயினும், மனித உள்ளத்தில் மங்கலாகவே தெரியும் ஒன்று அங்கே கூட்டல் கழித்தல் கணக்காக, ஒளிவு மறைவின்றிக் கிடக்கிறது. பொறியியல் பயிலாத வாசகர் சற்றே பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

1980-களின் தொடக்கத்தில் கார்களுக்குள் மின்னணுக் கருவிகள் ஒவ்வொன்றாகக் குடியேறின. எஞ்சினுக்கு ஒரு சிறு கணினி, பிரேக்குக்கு மற்றொன்று, கியருக்கு இன்னொன்று. இவை ஒன்றோடொன்று பேசத் தனித்தனிக் கம்பிகள் வேண்டியிருந்தன. கருவிகள் பெருகியதைவிடக் கம்பிகள் விரைவாகப் பெருகின, எடை கூடியது, இணைப்புகள் கழன்றன, பழுது எங்கே என்று கண்டறிவது பெரும்பாடாயிற்று. ஜெர்மனியின் போஷ் நிறுவனப் பொறியாளர்கள் 1983-இல் இதற்கு மாற்றுத் தேடத் தொடங்கினர். 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கூடிய வாகனப் பொறியாளர் மாநாட்டில் தம் தீர்வை வெளியிட்டனர். முறுக்கிவிட்ட இரண்டே கம்பிகள். எல்லாச் சிறு கணினிகளும் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். யார் பேசினாலும் எல்லாரும் கேட்பர். 'கேன்' என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு 1993-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இன்று கார்களில் மட்டுமன்றி, மருத்துவக் கருவிகளிலும் மின்தூக்கிகளிலும் உழவு எந்திரங்களிலும் இது இயங்குகிறது.

இத்தகைய பொதுக்கம்பிக்குப் பொறியாளர் வழங்கும் பெயர் 'பஸ்'. நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலச்சொல் ஒன்றே. 'எல்லாருக்கும்' எனப் பொருள்படும் 'ஓம்னிபுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வால்தான் அது. எல்லாருக்கும் உரியது என்பதே இதன் பெருமை. இதன் துன்பமும் அங்கேதான் பிறக்கிறது. தமிழில் இதனைப் பொதுத்தடம் என்போம்.

இப்பொதுத்தடத்தில் தலைவர் என்று ஒருவர் இல்லை. பேசுவோர் தம் பெயரைச் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு வருகிறது; அந்த எண், 'இது சக்கரத்தின் வேகம்', 'இது எஞ்சினின் வெப்பம்' என்று செய்தியின் பொருளைக் குறிக்குமேயன்றிச் சொல்பவர் யார் என்பதைக் குறிப்பதன்று. இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? கம்பியில் செல்லும் குறிகள் இரண்டே வகை. பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிப் படித்தோர்க்கு அச்சொற்கள் நினைவிருக்கும்: ஓங்கு குறி, ஒடுங்கு குறி. ஒருவர் ஓங்கு குறியையும் மற்றொருவர் ஒடுங்கு குறியையும் ஒரே கணத்தில் இட்டால் கம்பியில் நிற்பது ஓங்கு குறியே. ஒடுங்கு குறியை இட்டவர் கம்பியைத் திரும்பக் கேட்கிறார். தம் சொல் அங்கே இல்லை என்று கண்டதும் அந்த நொடியே பேச்சை நிறுத்திக் கேட்பவராகிவிடுகிறார். முந்தியவருடைய செய்தி சிதையாமல் செல்கிறது; பிந்தியவர் அது முடிந்தபின் மீண்டும் முயல்கிறார். எண் சிறிதாயிருக்கும் செய்திக்கு முதலிடம். நம் ஊர்க் கூட்டங்கள் பலவற்றில் காணக் கிடைக்காத நாகரிகம் இது என்று சொன்னால் யாரும் மனவருத்தம் கொள்ளவேண்டாம்.

ஆனால் நாம் பேச வந்தது இந்த நாகரிகத்தைப் பற்றி அன்று. இதற்கு அடுத்ததாக அப்பொறியாளர்கள் வைத்த ஒன்றைப் பற்றி. பேசுபவர் ஒவ்வொருவரும் தாம் இட்ட குறியைத் தாமே கேட்டு ஒப்பிட்டுக்கொண்டே பேசவேண்டும். எண்ணைச் சொல்லி முடித்து, இடம் கிடைத்து, செய்தியின் உள்ளே சென்றபின், தாம் இட்டது ஒன்றும் கம்பியில் நிற்பது வேறொன்றுமாய் இருந்தால் அது பிழை. உடனே அவர் ஆறு ஓங்கு குறிகளைத் தொடர்ந்து இட்டு, 'பிழை நேர்ந்துவிட்டது. கேட்டதை எல்லாரும் விட்டுவிடுங்கள்' என்று அறிவிக்கிறார். எல்லாரும் அப்படியே விட்டுவிடுகின்றனர். அறிவித்தவர் தம் உள்ளே வைத்திருக்கும் பிழைக் கணக்கில் எட்டைக் கூட்டிக்கொள்கிறார். ஒரு செய்தி நல்லபடியாகச் சென்று சேர்ந்தால் அக்கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறார்.

பிழைக்கு எட்டு, நன்மைக்கு ஒன்று. தன்பால் இத்துணைக் கண்டிப்பு கொண்ட மனிதரை நாம் எத்தனை பேர் அறிவோம்?

கணக்கு 127-ஐத் தாண்டினால், அவருக்குப் பிழையை உரக்க அறிவிக்கும் உரிமை போய்விடுகிறது. அதன்பின் அவர் ஒடுங்கு குறிகளால் மட்டுமே முறையிடலாம். அதாவது முணுமுணுக்கலாம், மற்றவர் பேச்சைத் தடுக்க இயலாது. கணக்கு 255-ஐத் தாண்டினால் தடத்திலிருந்தே விலகிவிடவேண்டும். அவரை யாரும் வெளியேற்றுவதில்லை. தாமே எண்ணி, தாமே தீர்ப்பிட்டு, தாமே வெளியேறுகிறார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு கருவி உள்ளே பழுதுபட்டு ஓயாமல் பிதற்றத் தொடங்கினால், பொதுக்கம்பி முழுவதும் அதன் பிதற்றலால் நிறைந்துவிடும். பொறியாளர் வழக்கில் இதற்குப் 'பிதற்றும் பேதை' எனப் பொருள்படும் ஒரு பெயரே உண்டு. பிரேக் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமற் போகும். எனவே, பேச்சில் திரும்பத் திரும்பப் பிழை நேர்கிறதென்றால் பேசுபவரிடமே பழுது இருக்கக்கூடும் என்று கொள்வது நியாயம். தேய்ந்த கம்பி, வெப்பம், அருகில் எழும் மின்காந்த இரைச்சல் முதலியவற்றை மனத்தில் வைத்து இந்த விதி எழுதப்பட்டது. பழுதுற்றவர் தாமாக விலகிப் பொதுநலனைக் காப்பார். கருவிக்குள் ஏதோ மனச்சான்று போன்ற ஒன்றை அவர்கள் வைத்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உவமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆயினும் இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான சொல் நமக்கு அகப்படவில்லை.

முப்பது ஆண்டுகள் சென்றன. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோங்-டாக் சோ, காங் ஷின் என்னும் இரு ஆய்வாளர்கள், இந்த மனச்சான்றையே கருவியாகக் கொண்டு நேர்மையான ஒரு பெட்டியை வாயடைக்க முடியும் என்று காட்டினர். அவர்கள் காட்டிய வழி எளியது. அதே தடத்தில் ஒட்டியிருக்கும் வேறொரு சிறு கணினி பகைவனின் கைக்குள் போய்விட்டது என்று கொள்வோம். குறிவைக்கப்பட்ட பெட்டி எப்போது பேசும் என்பதைப் பகைவன் கவனித்து வைத்துக்கொள்கிறான். அது பேசத் தொடங்கும் அதே நொடியில், அதே எண்ணைச் சொல்லித் தானும் பேசத் தொடங்குகிறான். எண் ஒன்றே ஆதலால் இருவருள் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. உள்ளே ஓரிடத்தில், நேர்மையான பெட்டி ஒடுங்கு குறியிடும் இடத்தில், பகைவன் ஓங்கு குறியிடுகிறான். தான் சொன்னது கம்பியில் இல்லை என்று கண்ட பெட்டி, பிழை என்று அறிவித்துத் தன் கணக்கில் எட்டைக் கூட்டிக்கொள்கிறது. விதியின்படி உடனே மீண்டும் முயல்கிறது. மீண்டும் அதே இடத்தில் அதே தடை. மீண்டும் எட்டு.

தொடக்கத்தில் பகைவனுக்கும் இழப்பு உண்டு. பெட்டி எழுப்பும் பிழை அறிவிப்பால் அவனுடைய செய்தியும் சிதைகிறது. அவன் கணக்கிலும் எட்டு எட்டாக ஏறுகிறது. பதினாறு முறை இவ்வாறு நிகழ்ந்ததும் இருவர் கணக்கிலும் 128 நிற்கிறது. இங்கேதான் நிலைமை தலைகீழாகிறது. முணுமுணுக்க மட்டுமே உரிமையுள்ள நிலைக்கு வந்துவிட்ட பெட்டியின் முறையீடு இனிப் பகைவனைத் தடுப்பதில்லை. அவன் செய்தி முழுமையாகச் செல்கிறது. அவன் கணக்கில் ஒன்று குறைகிறது. அவன் மீண்டும் நற்பெயர் பெற்றவனாகிறான். பெட்டியின் கணக்கிலோ ஒவ்வொரு சுற்றிலும் எட்டு கூடி, மறுமுயற்சியில் ஒன்று குறைந்து, ஏழு எஞ்சுகிறது. இருபதுக்கும் குறைந்த சுற்றுகளில் 255-ஐத் தாண்டிவிடுகிறது. பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை பேசும் பெட்டியானால், தொடக்கம் முதல் முடிவு வரை கால் வினாடிக்கு மேல் ஆகாது. நேர்மையாகப் பேசியது வெளியே, தடுத்தது உள்ளே. விதி ஒன்றுகூட மீறப்பட்டதாகக் கணக்கில் இல்லை.

இதை அந்தப் பெட்டியின் உள்ளிருந்து பார்க்க வேண்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு: தான் சொன்னது, கம்பியில் நின்றது. இரண்டும் ஒவ்வவில்லை. கம்பி தேய்ந்ததால் ஒவ்வாமல் போயிற்றா, தன் குரல்வளையே பழுதா, வேறொருவர் வேண்டுமென்றே குறுக்கிட்டாரா என்று பிரித்தறிய அதனிடம் எதுவும் இல்லை. பிழை நேர்ந்தது உண்மை. அது தன் பேச்சின்போது நேர்ந்ததும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளிலிருந்து 'பிழை என்னுடையது' என்ற முடிவுக்கு அது வந்துவிடுகிறது. மெய்யான இரண்டு கூற்றுகளிலிருந்து பொய்யான ஒரு தீர்ப்பு பிறக்கிறது.

மறு ஆண்டு, 2017-இல், மிலான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் இன்னும் ஒரு படி சென்றனர். கைக்குள் அடங்கும் மலிவான மின்பலகை ஒன்றைத் தடத்தில் இணைத்து, முழுச் செய்தி எதையும் அனுப்பாமலே, பிறர் செய்தியில் ஒரே ஒரு ஒடுங்கு குறியை மட்டும் ஓங்கு குறியாக்கி, ஆல்ஃபா ரோமியோ ஜூலியெட்டா கார் ஒன்றின் நிறுத்துமிட உணரிகளைச் செயலிழக்கச் செய்தனர். செய்தி எதுவும் அனுப்பப்படாததால், சந்தேகத்துக்குரிய செய்தி வருகிறதா என்று பார்த்திருக்கும் காவல் ஏற்பாடுகளின் கண்ணில் அது படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பிரிவொன்று இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தாக அது கூறியது, காரின் பழுதாய்வு இணைப்பான் போன்ற நுழைவாய்களை அணுகுவதைக் கட்டுப்படுத்துங்கள் என்பது ஒன்றே. நோயை ஆற்ற வழியில்லை, வாயிற்கதவைச் சாத்திவையுங்கள் என்றதற்கு ஒப்பானது அது. நிறுத்துமிட உணரி வாய்மூடினால் சுவரில் உரசல் ஏற்படலாம், அத்துடன் போயிற்று. அதே தடத்தில் பேசுபவற்றுள் உயிர்காக்கும் கருவிகளும் உண்டு என்பதால் அன்றோ அந்த எச்சரிக்கை!

கதவைச் சாத்துவதும் எளிதன்று. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றின் பொழுதுபோக்குக் கருவிக்குள் கைப்பேசி அலைவரிசை வழியே தொலைவிலிருந்து புகுந்து, அங்கிருந்து கேன் தடத்தை எட்டிக் காட்டினர். அதன் விளைவாக 14 இலட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அவர்கள் கையாண்ட முறை வேறு. எனினும் கதவு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது.

இதில் குற்றவாளி யார்? பகைவன் என்பது எளிய விடை. உண்மையான விடையும் அதுவே. ஆனால் விதியை எழுதியவர்களுக்கு இதில் பங்கில்லையா என்று கேட்போர் உண்டு. 1983-இல் அவர்கள் எழுதியது மூடிய வீட்டுக்கான விதி. காருக்குள் இருக்கும் கருவிகள் ஒரே குடும்பம். வெளியார் உள்ளே வர வழியே இல்லை. வெளியார் வர முடியாத வீட்டில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டும் என்று விதி செய்பவரை நாம் மெச்சுவோமா? அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் பழுதாய்வு வாயில் கட்டாயமாயிற்று. 2008 முதல் அந்த வாயிலில் கேன் தடமே பேசவேண்டும் என்றாயிற்று. பின் கைப்பேசி இணைப்பும் வந்தது. வீட்டுக்கு ஒவ்வொரு வாயிலாக வெட்டியவர்கள், உள்ளே வாழ்வோரின் பழக்கம் மூடிய வீட்டுக்கு உரியது என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பொறுப்பு அங்கே இருக்கிறது என்பது நம் கருத்து. இது ஒருவர் தலையில் மட்டும் சுமத்தக்கூடிய பொறுப்பன்று. ஒவ்வொருவரும் ஒரு வாயிலை மட்டுமே வெட்டினர்.

இனி 'டிரைவர்' என்பவரிடம் வருவோம். இவர் காரோட்டுபவர் அல்லர். மின்கருவிக்கும் கணினிக்கும் இடையே நின்று கருவியை நடத்தும் சிறு மென்பொருளுக்குத்தான் இப்பெயர்; தமிழில் இயக்கி என்பர். பெட்டி தடத்திலிருந்து விலகிய பின் என்ன செய்வது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இயக்கியே. திரும்ப வரக் கேன் விதி ஒரு வழி வைத்திருக்கிறது. தொடர்ந்து பதினொரு ஒடுங்கு குறிகள் அடங்கிய அமைதியை 128 முறை கேட்ட பின் மீண்டும் சேரலாம். ஆனால் அவ்வாறு சேர முயல்வதா, எப்போது முயல்வது என்பதை எழுதுபவர் இயக்கியை எழுதுபவர். லினக்ஸ் இயங்குதளத்தின் கேன் இயக்கிகளில், விலகியபின் எத்தனை மில்லிவினாடி கழித்துத் தானாகத் திரும்புவது என்று குறிக்க ஓர் இடம் உண்டு. யாரும் எதுவும் குறிக்காவிட்டால் அங்கே நிற்பது சுழி. சுழி என்றால் உடனே திரும்புவது என்று பொருளன்று. மனிதர் ஒருவர் வந்து எழுப்பும் வரை திரும்புவதே இல்லை என்று பொருள்.

இது ஒரு தொழில்நுட்பச் சிறுவிவரம் என்று கடந்துவிடலாம். நம்மால் கடக்க முடியவில்லை. திரும்பவே வேண்டாம் என்று எழுதினால், பகைவனின் கால் வினாடி உழைப்பு நிரந்தர வெற்றியாகிவிடும். உடனே திரும்பு என்று எழுதினால், மெய்யாகவே பழுதுபட்ட பெட்டி ஓயாமல் திரும்பி வந்து எல்லாரையும் அலைக்கழிக்கும். சற்று நேரம் கழித்துத் திரும்பு என்று எழுதினால், அச்சற்று நேரத்தில் பிரேக் மிதிக்கப்படலாம். மூன்றில் எது சரி என்பது பெட்டி குற்றவாளியா, குற்றம் சுமத்தப்பட்டதா என்பதைப் பொறுத்தது. அதுவோ பெட்டிக்கும் தெரியாது; இயக்கிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவைக்க வேண்டிய கட்டாயத்தில் ஓர் இளம் பொறியாளர் எங்கோ மேசைமுன் அமர்ந்திருக்கிறார். அவர் ஓர் எண்ணை எழுதுகிறார். அல்லது எழுதாமல் விடுகிறார். எழுதாமல் விடுவதும் ஒரு தீர்ப்பே.

பிழைக் கணக்கையே நீக்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நீக்கினால் பிதற்றும் பேதைகளுக்குத் தடம் முழுதும் திறந்துவிடப்படும். ஒவ்வொரு செய்தியும் இரகசிய முத்திரையோடு வரட்டும், முத்திரை இல்லாததை ஏற்கவேண்டாம் என்பது மற்றொரு யோசனை. பொய்ச் செய்திகளைத் தடுக்க அது நல்லது, பல கார்களில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் இங்கே பகைவன் பொய் எதையும் நம்பவைக்க முயலவில்லை. ஒருவர் வாயைத் திறக்கும்போது கையால் பொத்துகிறான். பொத்தும் கைக்கு முத்திரை தேவையில்லை.

அப்படியானால் குற்றமற்றவரின் குற்றமின்மை எங்கே தெரியும்? இந்தக் கேள்வியில்தான் நம் உள்ளம் நெடுநேரம் தங்கியது. அவருள்ளே தெரியாது என்று கண்டோம். ஆனால் தடத்தில் வேறு பலர் இருக்கின்றனர். அவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர். ஒரே எண் கொண்ட செய்தி ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சிதைந்ததைக் கேட்டனர். இயற்கையான இரைச்சல் இப்படிச் செய்வதில்லை. அது பலருடைய செய்திகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். முணுமுணுப்பாகக் குறைந்துபோன முறையீட்டுக்கு அடுத்தே, அதே எண்ணில் வேறொரு குரல் தடையின்றிப் பேசிச் சென்றதையும் கேட்டனர். ஓர் எண்ணை ஒருவரே பேசவேண்டும் என்பது அத்தடத்தின் அடிப்படை ஒழுங்கு. இரு குரல்கள் ஒரே எண்ணில் எழுவதே சதிக்கு அடையாளம். மிச்சிகன் ஆய்வாளர்களும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டே தற்செயலையும் தீங்கையும் பிரித்தறியலாம் என்று எழுதினர். சான்று எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஏனெனில் விதி ஒவ்வொருவரையும் தன் கணக்கை மட்டுமே வைத்துக்கொள்ளப் பணித்திருக்கிறது. சிதைந்ததை எல்லாரும் விட்டுவிடுங்கள் என்றால் விட்டுவிடுவார்கள், நினைவிலிருந்தும் விட்டுவிடுவார்கள்.

மனிதரிடையே இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் காணாதவர்கள் அல்லோம். ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் ஒருவர் வரவு செலவு பற்றிக் கேட்க எழுகிறார். கூச்சமுள்ளவர், ஆனால் எண்களைச் சரியாகப் படித்து வந்தவர். பேச்சு ஒரு குறிப்பிட்ட இடத்தை நெருங்கும்போது முன்வரிசையில் ஒருவர் இருமுகிறார்; மற்றொருவர் நேரமாகிறது என்கிறார். எழுந்தவர் தடுமாறி, முதலிலிருந்து தொடங்குகிறார். அதே இடம், அதே இருமல். அடுத்த கூட்டத்திலும் அவ்வாறே. மூன்றாம் கூட்டத்தில் அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. கையை உயர்த்தாமல் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் ஏதோ சொல்கிறார். நான்காம் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஏன் என்று வீட்டார் கேட்டால், 'எனக்குக் கூட்டத்தில் பேச வராது' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படியேதான் நம்புகிறார். தம் பிழைகளை அவரே எண்ணி வைத்திருக்கிறார். கூட்டத்தில் இருந்த நாற்பது பேரும் இருமலைக் கேட்டவர்களே. அவர்களைக் கேட்டாலும், 'பாவம், அவருக்குப் பேச வராது' என்பார்கள். இருமல் எந்த இடத்தில் எழுந்தது என்பதை அந்த நாற்பது பேரில் ஒருவர் நினைவில் வைத்திருந்தால் போதும், அவருடைய வழக்கு வேறாகியிருக்கும். இருமியவரும் தொடக்கத்தில் இரண்டொரு முறை முறைப்புகளைச் சந்தித்திருப்பார். அவர் கணக்கிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். பின்னர் அதுவும் கரைந்து, இப்போது அவர் சங்கத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர்.

இங்கே நமக்கு நாமே ஒரு தடை எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றிக் கணக்கு வைக்கத் தொடங்கினால், பொதுத்தடம் என்ன ஆகும்? அயலாரின் பிழைகளை எண்ணுவோரால் நிறைந்த ஊரில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மேலும், மற்றவரை வெளியேற்றும் அதிகாரத்தை அயலாரிடம் கொடுத்தால் பகைவனுக்கு வேலை இன்னும் எளிதாகும். பொய்ச்சான்று சொல்லியே ஒருவரை வெளியேற்றிவிடுவான். தன்னைத் தானே தீர்ப்பிடும் விதியில் இருக்கும் பெருந்தன்மை அப்போது இல்லாமற்போகும்.

இது மெய்யான தடை. ஆயினும், நினைவில் வைத்திருப்பதும் தீர்ப்பிடுவதும் ஒன்றல்ல. அண்மைக் காலத்தில் தடத்தைக் கண்காணிக்கவென்று வைக்கப்படும் கருவிகளுள் நல்லவை, கேட்பதை மட்டுமே தம் வேலையாகக் கொண்டவை. அவை யாரையும் வெளியேற்றுவதில்லை. எந்தச் செய்தி எந்த இடத்தில் எத்தனை முறை சிதைந்தது என்று குறித்துவைக்கின்றன. 'உன் கணக்கில் இருப்பது முழுதும் உன்னுடையதன்று' என்று அந்தப் பெட்டியிடம் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே வேறுபாடு. பெட்டியின் கண்டிப்பு அப்படியே இருக்கட்டும். எட்டு எட்டாகவே அது கூட்டிக்கொள்ளட்டும். அதன் தீர்ப்பை மறு ஆய்வு செய்யப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருந்தால், இயக்கியை எழுதும் அந்த இளம் பொறியாளரும் இருட்டில் ஓர் எண்ணைத் தேடவேண்டியதில்லை: தற்செயல் என்று குறிப்பேடு சொன்னால் காத்திரு, சதி என்று சொன்னால் உடனே திரும்பி வா, மனிதரையும் எழுப்பு. இதனால் எல்லாத் தாக்குதலும் நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. திரும்பி வந்த பெட்டியின் வாயையும் பகைவன் பொத்தக்கூடும். ஆனால் இம்முறை பொத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது வெளியே தெரியும்.

இத்தகைய குறிப்பேடு இன்னும் பெரும்பாலான தடங்களில் இல்லை. 2012-இல் போஷ் நிறுவனம் வெளியிட்ட விரைவு மிக்க கேன் வகையிலும் பிழைக் கணக்கின் அடிப்படை முன்போலவே இருக்கிறது. பழைய வண்டிகளோ பல ஆண்டுகள் சாலையில் ஓடும்.

விலகிய பெட்டி திரும்பும் விதியில் நாம் இதுவரை சொல்லாத ஒரு கூறு உண்டு. 128 முறை பதினொன்று என்றால் 1,408 குறிகளின் அமைதி. வினாடிக்கு ஐந்து இலட்சம் குறிகள் செல்லும் தடத்தில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு. அவ்வளவு காத்திருந்த பின் பெட்டி மீண்டும் சேரும்போது அதன் பிழைக் கணக்கு சுழியாக்கப்படுகிறது. பழையவை முற்றிலும் மன்னிக்கப்பட்டு, அது புதியதாகத் தொடங்குகிறது. ஆனால் சுழியாக்கப்பட்ட அந்தக் கணக்கில்தான், தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதற்கு அந்தப் பெட்டியிடம் இருந்த ஒரே தடயமும் இருந்தது. முதற் செய்தியைச் சொல்ல அது வாய்திறக்கும்போது, சற்று முன் நடந்தவற்றுள் எதுவும் அதன் நினைவில் இல்லை; அதே எண்ணோடு, அதே இடத்துக்காக, பகைவன் காத்திருக்கிறான்.